இலைச்சாறும் உலோக ஒட்சைட்டும்: புற்றுநோய் ஆய்வில் தாவரத்தின் பங்கு

தாவரச் சாறுகளின் துணைகொண்டு உலோக ஒட்சைட்டு நனோத்துணிக்கைகளை ஆக்கி, அவற்றைப் புற்றுநோய்க் கலங்களின்மீது சோதிக்கும் ஆய்வுகள் இன்று பல்கிப் பெருகியுள்ளன. செலவு குறைந்தது, நச்சு இரசாயனங்களை அதிகம் வேண்டாதது என்பதால், இம்முறை வளர்முக நாடுகளின் ஆய்வுகூடங்களை ஈர்ப்பது இயல்பே. எனினும், இங்கு தாவரம் ஆற்றும் பணி யாது என்ற வினா போதிய அளவு எழுப்பப்படுவதில்லை.

வேப்பிலை கொண்டு நாக ஒட்சைட்டை ஆக்கும் முறையை நோக்குவோம். இலையை நீரில் கொதிக்கவைத்து வடித்த சாற்றுடன் நாக நைத்திரேற்றுக் கரைசல் சேர்க்கப்படும். கலவை குழம்பாகும்வரை சூடாக்கப்பட்டு, ஏறத்தாழ 400 பாகை செல்சியசில் சுடப்படும். எஞ்சுவது 100 நனோமீற்றரிலும் சிறிய துணிக்கைகளைக் கொண்ட தூளாகும். ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

தாவரம் நாக அயனைத் 'தாழ்த்துகின்றது' எனப் பலர் எழுதுவர். வெள்ளித் துணிக்கைகளைப் பொறுத்தவரை அது பொருந்தும். வெள்ளி அயன் இலத்திரனைப் பெற்று உலோகமாகின்றது. நாகமோ நைத்திரேற்றிலும் ஒட்சைட்டிலும் +2 ஒட்சியேற்ற நிலையிலேயே உள்ளது. எனவே சாற்றிலுள்ள பல்பீனோல்கள் நாக அயன்களைப் பிணைத்து, துணிக்கைகள் பெரிதாகாது தடுக்கின்றனவேயன்றி, அவற்றைத் தாழ்த்துவதில்லை. சுடும்போது அச்சேதனப் பொருள்களிற் பெரும்பகுதி எரிந்துவிடும். அவ்வாறாயின், வேம்பின் மருத்துவ ஆற்றல் துணிக்கையில் தங்கியுள்ளதெனக் கொள்வது எங்ஙனம்?

வளர்ப்புத் தட்டிற் புற்றுநோய்க் கலங்கள் இறப்பது மெய்யே. கலத்தினுட் புகுந்த நாக ஒட்சைட்டு, அங்குள்ள அமில நுண்பைகளிற் கரைந்து நாக அயன்களை வெளிவிடுகின்றது. தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் இனங்களும் தோன்றுகின்றன. ஆனால் இவை நலமுள்ள கலங்களையும் கொல்ல வல்லன. ஆதலின் நான்கு ஒப்பீடுகள் இன்றியமையாதன: இலைச்சாற்றைத் தனியே சோதித்தல், நாக உப்பைத் தனியே சோதித்தல், இலையின்றி ஆக்கிய அதே பருமனுள்ள துணிக்கையைச் சோதித்தல், இவை அனைத்தையும் நலமுள்ள கலங்களிலும் சோதித்தல்.

ஐரோப்பாவில் 2010 இல் மூளைக்கட்டிச் சிகிச்சைக்கு அனுமதி பெற்ற இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகள், மாறும் காந்தப்புலத்தில் வெப்பமடையும் இயல்பினாற் பயன்பட்டவை. நோயாளரிடம் பரிசோதித்த பின்னரே அவ்வனுமதி கிடைத்தது. தட்டில் நிகழ்ந்ததை மருந்தெனப் பறைசாற்றினால், அதை நம்பி உரிய சிகிச்சையைக் கைவிடும் ஏழை நோயாளியே அதன் விலையைச் செலுத்துவான். இலையின் பெயரால் எழுதுவோர் இப்பொறுப்பை மறத்தலாகாது.