சொட்டுகிற ஆயிலும் சுடுகிற சைலன்சரும்

"ஐயா, என் கார் ரொம்பப் பழசு. ராத்திரி நிறுத்தினால் காலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தரையில் ஆயில் நிற்கிறது. ஓட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. மாதம் அரை லிட்டர் ஊற்றிச் சமாளிக்கிறேன். இதற்குப் போய்ச் செலவு செய்ய வேண்டுமா?"

நெல்லுக்குப் புகையான், தென்னைக்கு வெள்ளை ஈ என்று வரும் கேள்விகளுக்கு நடுவே இப்படியும் கேள்விகள் வருகின்றன. வேளாண்மை அலுவலரிடம் கேட்கிற கேள்வியா இது என்று தள்ளிவிட முடியவில்லை. இன்று கிராமத்தில் பழைய கார் என்பது சொகுசு வாகனம் இல்லை. தக்காளிக் கூடை, விதை மூட்டை, ஸ்பிரேயர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், பிரசவ வலி எடுத்த பெண் என எல்லாமே அதில்தான் போகிறது. ஏர் கலப்பை மாதிரி அதுவும் ஒரு பண்ணைக் கருவி. அது நிற்கிற இடமோ வைக்கோல்போருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில்.

முதலில் அந்த வாசகருக்குப் பதில். தரையில் சொட்டுகிற ஆயில் பணநஷ்டம். சைலன்சர் குழாய்மேல் சொட்டுகிற ஆயில் ஆபத்து. எனவே எவ்வளவு சொட்டுகிறது என்பதைவிட எங்கே சொட்டுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

திரி இருந்தால்தான் விளக்கு எரியும்

என்ஜின் ஆயில் லேசில் தீப்பிடிக்காது. அது 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் தீக்குச்சிக்குப் பற்றக்கூடிய அளவு ஆவி கிளம்பும். டீசலுக்கு அந்த அளவு, இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி, குறைந்தது 35 டிகிரி. சித்திரை வெயிலே அதைத் தாண்டிவிடுகிறது. பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் ஆவியாகிப் பற்றும். அதனால் ஒழுகுவது ஆயிலா, டீசலா, பெட்ரோலா என்று தெரிந்துகொள்வது மிக முக்கியம்.

ஆயில் லேசில் பற்றாது என்றால் பயம் எதற்கு? சிலிண்டர் ஹெட்டிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாயை மெக்கானிக்குகள் மேனிஃபோல்டு என்பார்கள். பாரம் ஏற்றிக்கொண்டு மேடேறும்போது அது 400 டிகிரியையும் தாண்டிச் சூடாகும். அதன்மேல் ஒரு சொட்டு விழுந்தால் பெரும்பாலும் புகைந்து தீய்ந்துபோகும். மாதக்கணக்கில் கசிந்த ஆயிலோடு களத்துப் பதரும் தூசியும் உமியும் சேர்ந்து பிசுக்காக ஒட்டியிருந்தால் கதை வேறு. அகல் எண்ணெயில் எரிகிற தீக்குச்சியைப் போட்டால் அணைந்துவிடும். திரி போட்டால் விடிய விடிய எரியும். அந்தப் பிசுக்குத்தான் திரி. நகரத்துக் காரில் வெறும் தூசி ஒட்டுகிறது. நம் ஊர்க் காரில் வைக்கோல் துகள் ஒட்டுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஓடும்போது காற்று அடித்து என்ஜின் அறையை ஆற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் காற்று நின்றுவிடும், உள்ளே சூடு சற்று நேரம் ஏறும். சில வண்டிகள் ஓடும்போது பற்றாமல், கொட்டகையில் விட்டுவிட்டுக் கைகால் கழுவப் போன நேரத்தில் பற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். கொட்டகை தென்னங்கீற்றால் வேய்ந்ததாக இருந்தால் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அம்பாசிடரும் ஆம்னியும்

அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. இருந்தும் பல ஊர்களில் அது இன்னும் ஓடுகிறது. பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். கார்புரேட்டர் மேலே, மேனிஃபோல்டு கீழே. கார்புரேட்டரில் ஊசி தேய்ந்து பெட்ரோல் வழிந்தால் நேராகச் சூட்டின்மேல்தான் விழும். அதே பக்கம் டேப்பெட் கவர் பேக்கிங் கசிந்தால் ஆயிலும் அங்கேதான் இறங்கும். அந்தக் கவரின் பேக்கிங் கார்க்கில் ஆனது. மேலே இருப்பது இரண்டே நட்டு. கசிகிறதே என்று அவற்றை மேலும் மேலும் முறுக்கினால் தகடு வளைந்து கசிவு அதிகமாகத்தான் செய்யும். புதுப் பேக்கிங் போட்டு, கவரின் விளிம்பைத் தட்டிச் சமன்செய்து, அளவாக இறுக்குவதே வழி. இந்த என்ஜினில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரை மட்டுமே உண்டு. ஆகவே பின்பக்கம் கொஞ்சம் சொட்டுவது இந்த வண்டிக்குப் பிறவிக்குணம். கிளட்ச் வழுக்காதவரை அதற்காக என்ஜினை இறக்க வேண்டாம் என்பேன்.

ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஓட்டுபவர் உட்கார்ந்திருப்பதே அதன்மேல்தான். ஆயில் தீய்கிற வாடை முதலில் அவர் மூக்குக்கு எட்டும்; தீப்பிடித்தாலும் முதலில் அவரைத்தான் சுடும். இந்த வண்டியில் வீட்டுச் சமையல் சிலிண்டரை மாட்டி ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். பின்சீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு மிச்சம் பிடிக்கிற காசு என்ன காசு?

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ரப்பர் குழாய்களையும் பாருங்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்பும் மக்காச்சோளமும் எத்தனாலுக்குப் போவது நமக்கு நல்லதுதான். ஆனால் இருபது வருடத்துக்கு முந்தைய காரின் ரப்பர் குழாய் இந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்யப்பட்டதில்லை. கையால் மடக்கிப் பார்த்து வெடிப்பு தெரிந்தாலோ, பிசுபிசுத்தாலோ மாற்றிவிடுங்கள். கிளிப்பும் புதிதாகவே இருக்கட்டும். கம்பி கட்டி ஓட்டாதீர்கள்.

ஆயில் கூடினால் சந்தோஷப்படாதீர்கள்

ஆயில் குறைவதைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். ஊற்றாமலே டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால் அது இன்னும் மோசம். அம்பாசிடர், மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் ஆயில் சம்ப்புக்குள் இறங்கும். பழைய டீசல் வண்டிகளிலும், டிராக்டர்களிலும்கூட, டீசல் இப்படி ஆயிலில் கலப்பதுண்டு. கலந்த ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைத் தின்னும். சீக்கிரம் பற்றவும் செய்யும். டிப் ஸ்டிக்கை மூக்கருகே பிடித்துப் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள்.

புது சீல் போட்டும் கசிவு நிற்கவில்லை என்று மெக்கானிக்கைக் குறை சொல்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். என்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை ஜாக்கிரதையாகத் திறந்து பாருங்கள். ரயில் மாதிரி குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது பிரீதர் குழாய் அடைத்திருக்கிறது. உள்ளே சேர்கிற அழுத்தம் எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே ஆயிலைத் தள்ளும். நூறு சீல் மாற்றினாலும் பயனில்லை. பிரீதரைக் கழற்றிக் கழுவுவது அரை மணி நேர வேலை. அதை முதலில் செய்யச் சொல்லுங்கள். கெட்டியான ஆயில் ஊற்றுவதும் கசிவடைக்கும் மருந்து ஊற்றுவதும் அடுத்த சந்தை வரை ஓட்ட உதவலாம், அவ்வளவுதான்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க, ஆறிய என்ஜினைத் துடைத்துச் சுத்தம் செய்து, அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து வையுங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ விழுந்தால் என்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். பச்சையாக, வழவழப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர். ஒன்றும் விழாமலே பானட்டைத் திறந்ததும் தீய்ந்த வாடை வந்தால்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்: சொட்டு தரைக்கு வராமல் சூட்டிலேயே வேகிறது என்று அர்த்தம். பெட்ரோலில் துணியை நனைத்து என்ஜினைத் துடைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். துடைத்த துணியை மேனிஃபோல்டு இடுக்கிலேயே மறந்து வைப்பதும் நடக்கிறது.

சாலையில் காயும் கொள்ளு

தை, மாசியில் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கொள்ளுச்செடியைத் தார்ச்சாலையில் பரப்பி, வாகனங்கள் ஏறி மிதிக்க விடுகிறார்கள். மற்ற இடங்களில் உளுந்து, சோளம், எள். காய்ந்த கொடி வண்டியின் அடியில் போய் அச்சிலும் சைலன்சரிலும் சுற்றிக்கொள்ளும். புதுக் காரே இதில் எரிந்துபோயிருக்கிறது. 2000-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் புகை சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர் இருக்கும். அது சைலன்சரைவிடச் சூடானது. அடிப்பக்கம் ஆயில் பிசுக்கோடு இருக்கும் பழைய கார் அந்தக் கொடிமேல் ஏறினால் திரியும் எண்ணெயும் நெருப்பும் ஓரிடத்தில் சேர்ந்துவிடுகின்றன.

இதில் நம் பக்கமும் தவறு இருக்கிறது. அடுத்தவர் காரில் குழந்தைகள் இருப்பார்கள். இருசக்கர வாகனம் வழுக்கி விழும். உலர்களம் இல்லை என்பது உண்மையான குறைதான். வேலை உறுதித் திட்டத்தில் உலர்களங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊரில் இல்லையென்றால் கிராமசபையில் கேட்டுத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். ஓட்டுபவர்கள், கொடிமேல் ஏறிவிட்டால் சற்றுத் தள்ளி நிறுத்தி அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போங்கள். வைக்கோல் பரப்பிய இடத்தில் நிறுத்தவே வேண்டாம்.

வைக்கோல்போரிலிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்தினால் எலித்தொல்லையும் குறையும். பத்து நாள் எடுக்காத காரில் எலி கூடு கட்டும். அதுவும் கதகதப்பான என்ஜின் மேலே, நாரும் வைக்கோலுமாக. போகிற போக்கில் ஒயரையும் கடித்து வைக்கும். பானட்டைத் திறந்து பார்க்காமல் சாவியைத் திருகாதீர்கள். ஃபியூஸ் போனால் ஒயர் இழையைச் சுற்றிப் போடுகிறார்கள் சிலர். ஃபியூஸ் உருகுவதே ஒயர் எரியாமல் இருக்கத்தான்.

டிக்கியில் ஏற்றுகிற சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொட்டுநீரில் விடும் 13-0-45 உரம் பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு. தானாக எரியாது, எரிகிற நெருப்புக்கு ஆக்சிஜன் கொடுத்து வளர்க்கும். அதையும் தூள் கந்தகத்தையும் பவர் ஸ்பிரேயருக்கான பெட்ரோல் பாட்டிலையும் ஒரே டிக்கியில் போட்டுக்கொண்டு வருகிறோம். தனித்தனி நடையாகக் கொண்டுவாருங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

புகை வந்துவிட்டால்

ஓரம் கட்டி, சாவியை அணைத்து, எல்லாரையும் இறக்கிவிடுங்கள். பிள்ளைகள் முதலில். சாமான் பிறகு. பானட்டை அகலத் திறக்கக் கூடாது. காற்றுப் புகுந்து தீ எழும்பும். லிவரை மட்டும் இழுத்து, கிடைக்கிற இடுக்கு வழியாகப் பவுடர் தீயணைப்பானை அடியுங்கள். ஏ.பி.சி. பவுடர் என்று எழுதியிருக்கும்; ஒரு கிலோ, இரண்டு கிலோ அளவில் கிடைக்கும். ஓட்டுபவர் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டி, முள் பச்சையில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். எரிகிற ஆயிலில், பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். மண், மணல் பரவாயில்லை. தீ கைமீறினால் விலகி நின்று 101 அல்லது 112-க்கு அழையுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, பழைய கார்தானே என்று பலர் தேர்ட் பார்ட்டி மட்டும் கட்டுகிறார்கள். சொந்த வண்டி எரிந்தால் அதில் ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு கட்டுபடி ஆகுமா என்று வண்டியின் மதிப்பை வைத்து முடிவு செய்யுங்கள். கட்டாவிட்டால், டேப்பெட் கவர் பேக்கிங்குக்கான அந்தச் சில நூறு ரூபாயையாவது தள்ளிப்போடாதீர்கள்.

வாசகர் கேள்விகள்

ஆயில் சொட்டிய களத்தில் நெல் காயப்போடலாமா?

கூடாது. வாடை நெல்லில் ஏறினால் போகாது. விதைநெல்லாக இருந்தால் முளைப்பும் பாதிக்கும். கறைமேல் மரத்தூள் அல்லது உமியைக் கொட்டி ஊறவிட்டு அள்ளுங்கள். சிமென்ட் தரையானால் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய நீர் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது. அள்ளிய உமியை அடுப்பிலோ எருக்குழியிலோ போட வேண்டாம்.

வண்டியில் மாற்றிய பழைய ஆயிலைக் கரையானுக்காகத் தென்னை மரத்தில் பூசலாமா?

வேண்டாம். அதில் உலோகத் துகளும் கெட்ட வேதிப்பொருள்களும் இருக்கின்றன. மழையில் கரைந்து வேருக்கும் கிணற்றுக்கும் போகும். 5 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசலை, அதாவது லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்போடு கலந்து, அடிமரத்திலிருந்து 2 மீட்டர் உயரம் வரை பூசுங்கள். பழைய ஆயிலைக் கேனில் பிடித்து, அதை வாங்கிச் செல்லும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.