குதிரையும் சூதும்

செஞ்சிக் கோட்டைக்குச் சென்றிருப்பவர்கள், ராஜகிரி மலையடிவாரத்தில் கல்யாண மகாலுக்கு அருகே வரிசையாக அமைந்த குதிரை லாயங்களைக் கண்டிருப்பீர்கள். இன்று வெறிச்சோடிக் கிடக்கும் அந்த லாயங்கள் ஒரு காலத்தில் குதிரைகளின் கனைப்பொலியால் நிறைந்திருந்தன. தேசிங்கு ராஜனையும் அவன் குதிரை பாராசாரியையும் அறியாத தமிழர் இலர். 1714-ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையை எதிர்த்து தேசிங்கு களம் புகுந்தபோது, அவனது உயிர் நண்பரும் முஸ்லிம் வீரருமான மகமத்கானும் உடன் சென்றார். மணக்கோலத்தையும் துறந்து குதிரையேறி வந்தார் அவர் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் அவரைப் போற்றுகிறது. நண்பர் இருவரும் அப்போரிலேயே உயிர் நீத்தனர்.

குதிரை என்பது வீரத்திற்கும் விசுவாசத்திற்கும் உரிய உயிரினம். திருமறையின் ‘அல்ஆதியாத்’ அத்தியாயம், மூச்சிரைக்க விரைந்தோடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டே தொடங்குகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் போட்டிகளை நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் எல்லை வகுத்தார்கள் என்றும், தாமும் அதில் கலந்துகொண்டதாகவும் இப்னு உமர் (ரலி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே, குதிரையோட்டப் போட்டியை இஸ்லாம் வெறுக்கிறது என்று எவரும் எண்ணிவிடலாகாது. அதன் மீது பணயம் கட்டும் சூதையே மார்க்கம் தடுக்கிறது.

முஸ்னது அஹ்மதில் ஒரு நபிமொழி உண்டு. குதிரைகள் மூவகை, ஒன்று அருளாளனுக்குரியது, ஒன்று மனிதனுக்குரியது, மற்றொன்று ஷைத்தானுக்குரியது என்று வகைப்படுத்தி, எந்தக் குதிரையின் மீது சூதாடப்படுகிறதோ அதுவே ஷைத்தானின் குதிரை என அந்நபிமொழி எச்சரிக்கிறது. குதிரை ஒன்றுதான், மனிதன் அதனை எதற்குப் பயன்படுத்துகிறான் என்பதே அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது.

சென்னை கிண்டிப் பந்தயத் திடலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1974-ஆம் ஆண்டில் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. நெடுங்கால வழக்கிற்குப் பின், 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, அது சூதாட்டமாகாது என்று தீர்ப்பளித்தது.

தமிழகம் பந்தயத்தை ஒழிக்க முற்பட்ட அதே 1974-இல், இங்கிலாந்தில் ஸ்டூவர்ட் வீலர் என்பவர் தங்கத்தின் விலையேற்ற இறக்கத்தின் மீது பணயம் கட்டும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ‘ஸ்பிரெட் பெட்டிங்’ எனப்படும் இம்முறை பின்னர் குதிரைப் பந்தயத்திலும் புகுந்தது. இதன் உள்ளமைப்பை நாம் அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில், சூது எப்போதும் சூது என்ற பெயருடன் நம் வீட்டு வாயிலுக்கு வருவதில்லை.

ஒருநாளில் ஆறு பந்தயங்கள் நடைபெறுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு பந்தயத்திலும் முதற் குதிரை, இரண்டாம் குதிரையை எத்தனை ‘குதிரை நீள’ தூரத்தில் வென்றது என்று கணக்கிட்டு, ஆறினையும் கூட்டுவார்கள். அக்கூட்டுத்தொகை 10-க்கும் 11-க்கும் இடையில் இருக்கும் என்று பணயக்காரர் அறிவிக்கிறார். அதனினும் மிகும் என்று கருதுபவர் 11-இல் ‘வாங்குகிறார்’; குறையும் என்று கருதுபவர் 10-இல் ‘விற்கிறார்’. ஒரு நீளத்திற்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 15 ஆயின், வாங்கியவருக்கு 2,000 ரூபாய் கிட்டும். அது 5 ஆயின், அவர் 3,000 ரூபாய் இழப்பார். விற்றவரின் நிலையோ இதனினும் கொடிது. கூட்டுத்தொகை 22-ஐத் தொட்டால், அவர் 6,000 ரூபாய் செலுத்தியாக வேண்டும்.

பந்தயத் திடலில் 100 ரூபாய்க்குச் சீட்டு வாங்கியவன் இழப்பது அந்த 100 ரூபாயைத்தான். இம்முறையிலோ, கட்டிய மனிதன் எவ்வளவு இழக்கப் போகிறான் என்பது அவனுக்கே தெரியாது. கணிப்பு எவ்வளவு பிசகுகிறதோ அவ்வளவுக்கு நட்டம் பெருகும். பணயக்காரரோ கவலையின்றி இருக்கிறார். ஒருவர் 11-இல் வாங்கி, மற்றொருவர் அதே தொகைக்கு 10-இல் விற்றால், முடிவு எதுவாயினும் இடையிலுள்ள 500 ரூபாய் அவருக்கே சேரும். நிதிச் சந்தையில் இத்தகைய பணயம் நடத்தும் நிறுவனங்கள், தம் வாடிக்கையாளர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நட்டமடைகின்றனர் என்பதை விளம்பரத்திலேயே அறிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அங்ஙனம் அறிவித்த பின்னரும் மக்கள் அதில் வீழ்கின்றனர் என்றால், ஆசையின் வலிமையை என்னென்பது!

“நீதிமன்றமே திறமை என்று கூறிவிட்டதே, நாங்கள் குதிரையின் வமிசத்தையும் ஓட்டத்தையும் ஆராய்ந்துதானே பணம் கட்டுகிறோம்?” என்று நம் இளைஞர் சிலர் வினவக்கூடும். திறமை, ஓடும் குதிரைக்கும் அதனைச் செலுத்துபவனுக்கும் உரியது. பணயம் கட்டுபவன் ஓடவுமில்லை, வளர்க்கவுமில்லை. எந்தப் பொருளையும் விற்கவுமில்லை. ஒருவன் இழந்தால்தான் மற்றொருவன் பெற முடியும் என்ற ஏற்பாட்டையே திருமறை ‘மைஸிர்’ என்று கூறி விலக்குகிறது. நாட்டின் சட்டம் தண்டிக்காத ஒன்று, மறுமையில் விசாரிக்கப்படாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இழப்பின் அளவே தெரியாமல் செய்யப்படும் உடன்படிக்கையில் ‘கரர்’ என்னும் நிச்சயமின்மையும் சேர்வதால், இது இருமடங்கு தவறாகிறது. சூது மனிதரிடையே பகைமையை விதைத்து, இறை நினைவையும் தொழுகையையும் மறக்கச் செய்யும் என்று அல்மாயிதா அத்தியாயம் அதன் காரணத்தையும் விளக்கியிருக்கிறது.

பெற்றோர்களே! பந்தயத் திடல் தொலைவில் இருக்கிறது என்று நிம்மதி கொள்ளாதீர்கள். இணையவழிச் சூதாட்டத்தை ஒடுக்கத் தமிழகம் 2022-இலும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க நடுவண் அரசு 2025-இலும் சட்டம் இயற்ற நேர்ந்தது, அத்திடல் மக்களின் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டதால்தான். சட்டம் வாயிலைக் காக்கலாம். உள்ளத்தைக் காப்பது வீட்டின் பொறுப்பு. மகன் திடீரெனக் கடன் கேட்டாலோ, இரவெல்லாம் விழித்திருந்து பஜ்ருத் தொழுகையைத் தவறவிட்டாலோ, கடிந்து ஒதுக்காமல் அருகில் அமர்த்திக் கேளுங்கள். பழித்தால் மறைப்பான், பரிவு காட்டினால் மனம் திறப்பான்.

நம் ஊர்களில் இளைஞர்கள் நடத்தும் விளையாட்டுப் போட்டிகளையும் சற்றே கவனியுங்கள். போட்டியாளர் அனைவரும் கட்டும் பணத்தைத் திரட்டி வென்றவருக்கே அளிப்பது சூதின் சாயல் கொண்டது என்று மார்க்க அறிஞர்கள் எச்சரிக்கின்றனர். ஆடாத மூன்றாமவர் ஒருவரோ, ஜமாஅத்தோ பரிசளித்தால் அந்தச் சிக்கல் எழாது. சிறு மாற்றம்தான், ஆயினும் ஹலாலையும் ஹராமையும் பிரிக்கும் எல்லை அது.

ஏற்கெனவே இதில் அகப்பட்டோர் நம்பிக்கை இழக்க வேண்டாம். உடனே விலகுங்கள், மனம் வருந்தி மீளுங்கள். சூதில் வந்த பணம் கையிலிருந்தால், உரியவரை அறிந்தால் திருப்பிக் கொடுங்கள். அறியாவிடில், நன்மையை எதிர்பாராது ஏழைகளுக்கு வழங்கிவிடுங்கள். ‘வா, சூதாடுவோம்’ என்று நண்பனை அழைத்தவர்கூட அச்சொல்லுக்காகத் தருமம் செய்ய வேண்டும் என்று பெருமானார் (ஸல்) பணித்திருக்கிறார்கள். சொல்லுக்கே பரிகாரம் என்றால், செயலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நண்பனுக்காகக் குதிரையேறிய மகமத்கானின் பெயர் மூன்று நூற்றாண்டுகளாக மக்கள் நாவில் வாழ்கிறது. பணயம் கட்டிப் பொருள் குவித்தவர் எவரையும் எந்த ஊரும் அங்ஙனம் பாடியதில்லை. வியர்வை சிந்தி ஈட்டும் ஒரு ரூபாயில் உள்ள பரக்கத், வியர்வையின்றி வரும் ஆயிரத்தில் இல்லை. ஹலாலான சம்பாத்தியத்தையும், அதில் நிறைவு காணும் உள்ளத்தையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்கியருள்வானாக! ஆமீன்.