உங்களுக்குத் தெரியுமா? ஆங்கில ஆடைச் சொற்களுக்கு எந்த ஊர்?

ஃபேஷன் பற்றிய ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் சீக்கிரம் மறந்துபோகும். அந்தச் சொல் எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்று பார்த்துவிட்டால் லேசில் மறக்காது. அடிப்படை ஆங்கிலத்தைத் தாண்டி வந்தவர்களுக்காகச் சில சொற்கள்.

'டெனிம்' என்பதற்குள் இருப்பது பிரான்ஸின் நீம் நகரம். 'செர்ஜ் தெ நீம்', அதாவது நீம் ஊர்த் துணி, சுருங்கி டெனிம் ஆனது. 'ஜீன்ஸ்' இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தின் பெயர். கால்சட்டையின் பை கிழியாமலிருக்கச் செப்பு ரிவெட் அடிக்கும் முறைக்கு ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் காப்புரிமை பெற்றது 1873இல். 'டங்கரீஸ்'? அது மும்பையின் டோங்ரி பகுதியின் பெயர்.

கோழிக்கோட்டுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் காலிகட். அங்கிருந்து கப்பலேறிய பருத்தித் துணி 'காலிகோ' ஆனது. அது இங்கிலாந்தில் விற்ற வேகத்தில் அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்துப்போனார்கள். 1719இல் லண்டன் தெருக்களில் காலிகோ உடுத்திய பெண்களைத் தாக்கி ஆடையைக் கிழித்தார்கள். இந்தியாவின் அச்சுத் துணி இறக்குமதியை 1700இலேயே தடுத்திருந்த நாடாளுமன்றம், 1721இல் பெரும்பாலான காலிகோ ரகங்களை உடுத்துவதற்கே தடை போட்டது. ஒரு துணிக்குப் பயந்து சட்டம் இயற்றினார்கள் என்றால், நம் நெசவாளர்களின் கைத்திறனுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை.

'சின்ட்ஸ்' அதே காலத்துத் துணிதான். சோழமண்டலக் கரையில் கையால் எழுதி, படிகாரமும் சாயவேரும் கொண்டு சிவப்பேற்றிய பூத்துணி. துவைத்தாலும் நிறம் போகாது. புள்ளி, தெறிப்பு என்ற பொருளுள்ள 'சீன்ட்' என்ற இந்திச் சொல்லே இந்தப் பெயருக்கு மூலம். பின்னால் மலிவான போலிகள் பெருகின. இன்று ஆங்கிலத்தில் 'சின்ட்ஸி' என்றால் மட்டமான, பகட்டான என்று பொருள். அசல் துணிக்கு இது பெரிய அநியாயம்.

சாயம் போகாத துணிக்கு 'கலர்ஃபாஸ்ட்'. சாயம் ஓடினால் 'ப்ளீட்' என்ற வினைச்சொல். ரத்தம் கசிவதற்கும் அதே சொல்தான். 1960களில் அமெரிக்க இளைஞர்கள் விரும்பி வாங்கிய கட்டம் போட்ட 'ப்ளீடிங் மெட்ராஸ்' சட்டைகள், ஒவ்வொரு சலவைக்கும் சாயம் கசிந்து நிறங்கள் கலப்பதையே சிறப்பாகச் சொல்லி விற்கப்பட்டன. அங்கே துணிக்கடையில் 'மெட்ராஸ்' என்றால் இன்றும் அந்தக் கட்டம் போட்ட துணிதான்.

நாம் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று. அளவு சரியாக இருந்தால் 'ஃபிட்'. அந்த நிறமோ வெட்டோ உங்களுக்கு எடுப்பாக இருந்தால் 'சூட்'. சட்டையும் பேன்ட்டும் ஒன்றோடொன்று சேர்ந்தால் 'மேட்ச்'. தமிழில் மூன்றுக்கும் 'பொருந்துகிறது' போதும், ஆங்கிலத்தில் போதாது. லண்டனில் 'பேன்ட்ஸ்' கேட்டால் உள்ளாடையைத்தான் காட்டுவார்கள். முழுக்கால்சட்டைக்கு அங்கே 'ட்ரௌசர்ஸ்'. 'வெஸ்ட்' லண்டனில் பனியன், நியூயார்க்கில் கோட்டுக்குள் அணியும் கையில்லாத மேலாடை.

ஒரு போரும் ஆடைகளுக்குப் பெயர் தந்திருக்கிறது. கிரிமியப் போரின் பாலக்ளாவா சண்டை 1854இல் நடந்தது. ஊரின் பெயர் முகம் மூடும் கம்பளிக் குல்லாவுக்குப் போனது. அங்கே பிரிட்டிஷ் இலகு குதிரைப்படைப் பிரிவை நடத்திய கார்டிகன் பிரபு, முன்பக்கம் திறந்த ஸ்வெட்டருக்குப் பெயர் தந்தார். பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ராக்லன் பிரபு, கழுத்துப்பட்டை வரை நீளும் 'ராக்லன்' கைக்கு.

'பிஸ்போக்' என்றால் ஒருவருக்காகவே அளவெடுத்து, புதிதாக வெட்டித் தைத்தது. ஏற்கெனவே உள்ள மாதிரியை உங்கள் அளவுக்குத் திருத்தினால் அது 'மேட் டு மெஷர்' மட்டுமே. நம் தெருமுனைத் தையல்காரர் துணியில் நேராகச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டித் தருவதும் பிஸ்போக்தான். அதை மதிப்போடு சொல்லலாம். 'ஓத் கூத்யூர்' (உயர்ந்த தையற்கலை) என்ற பெயரோ பிரான்ஸில் 1945 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே நினைத்த கடையெல்லாம் பலகையில் எழுதிவிட முடியாது. அதை உச்சரிக்கும்போது முதலெழுத்தான 'எச்' ஒலிக்காது.

இனி அகராதியைப் புரட்டினால் பொருளோடு நிறுத்தாமல், சொல் பிறந்த இடம் சொல்லும் வரியையும் படியுங்கள். பைஜாமா, காக்கி, பந்தனா, கம்மர்பண்ட் நான்கையும் இன்றே தேடிப் பாருங்கள். நான்கும் இந்தியா வழியாக ஆங்கிலத்துக்குப் போனவை.