ஏவியவர் யார், செய்தவன் யார்: பாவம் குறித்த கிறிஸ்தவ இறையியல்மீது சில குறிப்புகள்

தாவீது ராஜா ஒருமுறை சென்சஸ் எடுத்தான். விவிலியத்தில் இந்தக் கதை இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டாம் சாமுவேல் 24ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேல்மீது கோபம்கொண்ட கர்த்தரே தாவீதை ஏவிவிடுகிறார். அதே கதையைப் பிற்காலத்தில் திருப்பிச் சொல்லும் முதலாம் நாளாகமம் 21ஆம் அதிகாரத்தில் ஏவிவிடுவது சாத்தான். எபிரேய மூலத்தில் இரண்டு இடத்திலும் வினைச்சொல் ஒன்றுதான். எழுவாய் மட்டும் மாறிவிட்டது. எண்ணப்பட்டவர்கள் வாளெடுக்கத் தக்க ஆண்கள், அதாவது இது படைக்கணக்கு. தளபதி யோவாப் வேண்டாமென்று சொல்லியும் ராஜா கேட்கவில்லை. 9 மாதம் 20 நாள் கழித்துக் கணக்கு வந்து சேர்கிறது. அப்புறம்தான் ராஜாவுக்கு மனசு குத்துகிறது; பாவம் செய்துவிட்டேன் என்கிறான். தண்டனையாகக் கொள்ளைநோய் வருகிறது. செத்தவர்கள் 70,000 பேர். ராஜா சாகவில்லை.

கடவுள் சர்வவல்லவர், அவர் சித்தமில்லாமல் எதுவும் நடக்காது என்றால் பாவமும் அவர் சித்தத்துக்குள்தான் வரவேண்டும். அப்படியானால் பாவம் செய்தவனை அவர் எந்த நியாயத்தில் தண்டிக்கிறார்? இல்லை, பாவம் முழுக்க மனுஷன் காரியம் என்றால், கடவுளின் ஆட்சி செல்லாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்றாகிறது. பவுல் ரோமர் நிருபம் 9ஆம் அதிகாரத்தில் இந்தக் கேள்வியைத் தானே எழுப்பி, குயவனிடம் களிமண் கேள்வி கேட்குமா என்று வாயை அடைத்துவிடுகிறார். ஆனால் கேள்வி அடங்கவில்லை. சாமுவேலின் பிரதிக்கும் நாளாகமத்தின் பிரதிக்கும் இடையே கர்த்தர் இருந்த இடத்தில் சாத்தானைக் கொண்டுவந்து வைத்த கை, பவுலுக்கு வெகுமுன்பே இந்தச் சங்கடத்தை உணர்ந்த கைதான்.

நான் இறையியல் படித்தவனல்ல, தமிழ் எம்.ஏ. இந்தச் சண்டையைப் படிக்கப்படிக்க எனக்கு நினைவுக்கு வந்தது மூன்றாம் வேற்றுமைப் பாடம். கருத்தா இரண்டு வகை. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்றால் அரசன் ஏவுதற் கருத்தா; தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. கோயில் ஒன்று, கருத்தா இரண்டு, இரண்டு வாக்கியமும் சரி. முதற்காரணம், இரண்டாம் காரணம் என்று இறையியலாளர்கள் பிரித்ததும் ஏறக்குறைய இதையேதான். கடவுள் ஏவுதற் கருத்தா, மனிதன் இயற்றுதற் கருத்தா. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கோயில் என்றால் பேர் அரசனுக்குப் போகும், கல்வெட்டும் அவன் பேரில்தான் இருக்கும். பாவத்துக்கு மட்டும் ஏவியவரை விட்டுவிட்டுச் செய்தவன் தலையில் கட்டியாக வேண்டும். அதற்கு இலக்கணம் போதாது, உவமை தேவைப்படுகிறது.

உவமைகளுக்குப் பஞ்சமில்லை. தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டில் சொன்னது: கால் வளைந்தவன் நடக்கும்போது நடையின் அசைவு உயிராற்றலிலிருந்து வருகிறது, நடையின் கோணல் வளைந்த காலிலிருந்து வருகிறது; அதுபோலப் பாவச் செயலில் செயல் கடவுளிடமிருந்து, கோணல் மனிதனிடமிருந்து. லூத்தர், நொண்டிக் குதிரைமேல் ஏறிய வீரனைக் காட்டுகிறார். கால்வின் இன்னும் கடுமை: வெயிலில் கிடக்கும் பிணம் நாறுகிறது; நாற்றம் சூரியனுடையது என்று எவனாவது சொல்வானா? கடவுள் பாவத்தை ‘அனுமதித்தார்’ என்று மட்டும் சொல்லித் தப்பிக்கும் வழியைக் கால்வின் ஏற்கவில்லை. அது சாக்குப்போக்கு, அனுமதித்தவரின் சித்தம்தான் அனுமதியும் என்பது அவர் வாதம். மற்றவர்களைவிட அவரிடம் எனக்கு மரியாதை வருவது இதனால்தான். கசப்பைச் சர்க்கரை போட்டுக் கொடுக்கவில்லை. ஆனாலும் மூன்று உவமையிலும் மனிதன் எங்கே இருக்கிறான் என்று பாருங்கள். காலாக, குதிரையாக, பிணமாக. மூன்றுக்கும் வாய் கிடையாது. அந்தக் கால் எப்படி வளைந்தது என்று காலிடம் யாரும் கேட்கவில்லை.

வளைத்தவன் ஆதாம் என்பது அகஸ்டினின் பதில். ரோமர் 5:12இல் எல்லோரும் பாவம் செய்த‘தனால்’ மரணம் வந்தது என்று பொருள்படும் கிரேக்கத் தொடர், அவர் கையிலிருந்த லத்தீன் மொழிபெயர்ப்பில் ‘அவனுக்குள்’ எல்லோரும் பாவம் செய்தார்கள் என்று வாசிக்கும்படி இருந்தது. ஓர் இடைச்சொல் புரண்டதில் மனித குலம் முழுவதும் ஆதாமுக்குள் இருந்து குற்றம் செய்ததாக ஆயிற்று. (மொழிபெயர்ப்புப் பிழை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. அவர் சிந்தனைக்கு அது தோதாக அமைந்தது.) எதிர்த்தவர் பெலாஜியஸ், பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்தவர். கடவுள் கட்டளை இடுகிறார் என்றால் அதைச் செய்ய மனிதனால் முடியும் என்றுதானே அர்த்தம் என்றார். 418இல் கார்த்தேஜ் சங்கமும் பேரரசன் ஹொனோரியஸும் அவரைக் கண்டித்து முடித்தார்கள். நம்மவர்களுக்கு, அதாவது இயக்கக்காரர்களுக்கு, பெலாஜியஸைத்தான் பிடிக்கும். அவர் வட்டத்திலிருந்து வந்த செல்வம் பற்றிய ஒரு நூல், பணக்காரன் இருப்பதால்தான் ஏழை இருக்கிறான் என்று வாதாடவும் செய்தது. ஆனால் பெலாஜியஸின் தர்க்கத்தைக் கடைசிவரை இழுத்தால், பசியில் திருடிய அடிமையின் திருட்டும் முழுக்க முழுக்க அவன் பொறுப்பு. அகஸ்டின் குறைந்தபட்சம் இயலாமை என்று ஒன்று உண்டு என்பதையாவது அறிந்திருந்தார்.

பார்வோன் கதைக்கு வருவோம். யாத்திராகமத்தில் பார்வோனின் இருதயம் கடினப்படுவது ஏறத்தாழ இருபது இடத்தில் வருகிறது. சில இடத்தில் அவனே கடினப்படுத்திக்கொள்கிறான், சில இடத்தில் அது கடினப்பட்டுப் போகிறது, சில இடத்தில் கர்த்தர் கடினப்படுத்துகிறார். தன்வினை, பிறவினை எல்லாம் கலந்து கிடக்கிறது. முதல் ஐந்து வாதைகளில் அவனாகத்தான் செய்கிறான், ஆறாவது வாதையிலிருந்துதான் கர்த்தர் தலையிடுகிறார் என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்வதுண்டு. ஆனால் எந்த வாதையும் தொடங்குமுன், 4ஆம் அதிகாரத்திலேயே, தாம் கடினப்படுத்தப்போவதாகக் கர்த்தர் மோசேயிடம் சொல்லிவிடுகிறாரே!

என்னை நிறுத்தியது வேறொன்று. கடினப்படுதலுக்கு எபிரேயத்தில் மூன்று வினைகள் வருகின்றன. அவற்றில் ஒன்று ‘காவேத்’: கனப்படுதல், பாரமாதல். 5ஆம் அதிகாரத்தில் வைக்கோல் கொடுக்காமல் செங்கல் அறுக்கச் சொல்லி அடிமைகள்மீது வேலையைப் பாரமாக்கச் சொல்கிறானே பார்வோன், அங்கே வருவதும் இதே வேர்ச்சொல். பார்வோனால் எனக்கு மகிமை உண்டாகும் என்று கர்த்தர் சொல்லுமிடத்திலும் இதே வேர். இன்னொரு வினையின் வேர் 1ஆம் அதிகாரத்திலேயே அடிமைகளின் ‘கடின’ வேலையாக வந்துவிட்டது. பார்வோன் நெஞ்சின் பாரம், கடவுளின் மகிமை, அடிமை முதுகின் பாரம் மூன்றையும் பிரதி ஒரே சொல்லால் கட்டியிருக்கிறது. இறையியல் முதல் இரண்டைப் பற்றித்தான் நூற்றாண்டுக்கணக்காகப் பேசியது. கடைசி வாதையில் திரிகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வேலைக்காரியின் தலைப்பிள்ளையும், சிறையில் கிடப்பவனின் தலைப்பிள்ளையும் செத்தார்கள். அவர்கள் நெஞ்சை யாரும் கடினப்படுத்தவில்லை.

இது வெறும் பிரதி வாசிப்பு என்று ஒதுக்குபவர்களுக்கு 1525ஆம் வருஷத்தை ஞாபகப்படுத்தலாம். அந்த வருஷக் கடைசியில் எராஸ்மஸுக்குப் பதிலாக லூத்தர் எழுதிய நூலில், மனித சித்தம் ஒரு பொதிமாடு. கடவுள் ஏறினால் ஒரு பக்கம் போகும், சாத்தான் ஏறினால் மறுபக்கம் போகும். அதே வருஷம் மே மாதம், கிளர்ந்தெழுந்த ஜெர்மன் விவசாயிகளை வெட்டியும் குத்தியும் கொல்லலாம் என்று பிரபுக்களுக்கு எழுதினார். அந்த எழுச்சியில் செத்தவர்கள் ஒரு லட்சம்வரை இருக்கும் என்பது வழக்கமான மதிப்பீடு. நியாயமாகச் சொன்னால், அதற்குச் சற்று முன்பு அவர் பிரபுக்களையும் திட்டியிருக்கிறார். இரட்சிப்பு விஷயத்தில்தான் சித்தம் அடிமை, காசு வீடு போன்ற கீழ் விவகாரங்களில் மனிதனுக்கு விருப்புரிமை உண்டு என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே தர்க்கத்தில் முரண்பாடு இல்லை. ஆனால் கலகம் கீழ் விவகாரத்தில் சேர்ந்துவிட்டது. அங்கே விவசாயி முழுப் பொறுப்பாளி. பொதிமாடாக இருக்கும் சலுகை அவனுக்குக் கிடைக்கவில்லை.

இறையாண்மை பேசுகிறவர்கள் தவறாமல் எடுப்பது யோசேப்பின் பேச்சு. குழியில் தள்ளி விற்ற அண்ணன்மாரிடம், நீங்கள் தீமையாக நினைத்ததைத் தேவன் நன்மையாக்கினார் என்கிறான். இந்தப் பேச்சைச் சொன்னது விற்கப்பட்டவன். அதைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. விற்றவர்கள் சொல்லியிருந்தால் அது திமிர், வேடிக்கை பார்த்தவர்கள் சொன்னால் அது போதனை. இன்னொன்றும் உண்டு. இதைச் சொல்லும்போது யோசேப்பு எகிப்தின் பெரிய அதிகாரி. பஞ்சத்தில் தானியத்துக்கு ஈடாகக் குடியானவர்களின் நிலத்தையும் அவர்களையுமே பார்வோனுக்கு வாங்கிக்கொடுத்தவன் அவன். ஆதியாகமம் 47ஐப் பிரசங்கத்தில் நான் கேட்டதில்லை.

தென்கொரியாவில் 1970களில் எழுந்த மின்ஜங் இறையியல் இந்த இடத்தில்தான் கைவைத்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சோ நாம் டாங், 1975இல் பல்கலைக்கழக வேலை பறிக்கப்பட்டு அடுத்த வருஷம் சிறைக்கும் போனவர். பாவம் என்பது பல நேரம் ஆள்பவர்கள் எளியவர்கள்மீது ஒட்டும் பெயர். எளியவர்களிடம் உள்ளது ‘ஹான்’, இழைக்கப்பட்ட அநீதி உள்ளே தேங்கிக் கட்டிப்போன துயரம் என்றார். இதைப் படித்ததும் நம் பேச்சுமொழி ஞாபகம் வந்தது. செய்தவன் பாவி, பட்டவனைப் பார்த்து ஐயோ பாவம் என்கிறோம், பாவப்பட்ட சனம் என்கிறோம். கொரியனுக்கு இரண்டு சொல் தேவைப்பட்ட இடத்தில் நமக்கு ஒன்றே போதுமானதாக இருக்கிறது. உடனே பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். படுகிறவன் தன் பழைய பாவத்தைத்தான் படுகிறான் என்ற கர்மக் கணக்கும் அதே சொல்லுக்குள் ஒளிந்திருக்கலாம். ஆனால் நோயில் செத்த பிள்ளையைப் பார்த்துப் பாவம் என்கிற கிழவி அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு சொல்வதில்லை.

தாவீதின் கதையில் ஓர் இடத்தில் ராஜாவே கேட்டுவிடுகிறான்: பாவம் செய்தது நான், இந்த ஆடுகள் என்ன செய்தன? பதில் வருவதில்லை. பலிபீடம் கட்டச் சொல்லி உத்தரவு வருகிறது. அதற்காக ஒரு எபூசியனின் களத்தை ராஜா விலைக்கு வாங்குகிறான். பின்னால் சாலொமோனின் ஆலயம் எழும்பிய இடமாக நாளாகமம் காட்டுவது அதைத்தான். அந்த எபூசியன் பெயர் சாமுவேலில் அர்வனா, நாளாகமத்தில் ஒர்னான். விலை ஒன்றில் 50 சேக்கல் வெள்ளி, மற்றதில் 600 சேக்கல் பொன். எண்ணிய வீரர்களின் தொகையும் இரண்டிலும் ஒத்துவரவில்லை. ஏவியவரைப் பற்றி ஏற்கெனவே பார்த்தோம். இரண்டு பிரதிகளிலும் மாறாமல் நிற்பது அந்த 70,000.