நியமன ஆணை வரும்வரை: காத்திருப்போருக்கும் வேலையை விடுவோருக்கும் சட்டம் சொல்வது

தெரிவுப் பட்டியலில் பெயர் வரும் நாளுக்கும் நியமன ஆணை கைக்கு வரும் நாளுக்கும் இடையே ஒரு காலம் இருக்கிறது. சில வாரங்களில் முடியவேண்டிய அக்காலம் பல மாதங்களாக நீள்வதும், சிலருக்கு ஆண்டுகளாகவே ஆகிவிடுவதும் உண்டு. இட ஒதுக்கீடு குறித்த நம் விவாதங்கள் பெரும்பாலும் விழுக்காட்டோடு நின்றுவிடுகின்றன. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு என்பது நாம் அனைவரும் அறிந்த கணக்கு. அந்த விழுக்காடு ஒருவரது கையில் ஊதியமாக வந்து சேர்வதற்கு முன் கடக்கவேண்டிய இடைக்காலத்தைப் பற்றி நாம் போதிய அளவு பேசியதில்லை.

நிலமும் சேமிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இக்காலத்தில் பொறுமை மட்டுமே செலவாகும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவருக்கோ ஒவ்வொரு மாதமும் வாடகை, கல்விக் கடன் தவணை, தங்கையின் கட்டணம் எனக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. அரசு வேலை கிடைத்துவிட்டது என்று ஊர் பேசத் தொடங்கியபின், கையிலுள்ள தனியார் வேலையில் தொடர்வது அவருக்குக் கூச்சமாகவும் ஆகிவிடுகிறது. ஆணை வருமுன்பே பழைய வேலையை விட்டுவிட்டு இரண்டுமின்றி நிற்பவர்கள் சட்ட ஆலோசனைக்காக நம்மிடம் அடிக்கடி வருகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் வேலையை விடுவதற்கு முன் வந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடியவற்றையே இங்கே தொகுக்கிறோம்.

ஒரு மறுமொழியின் தாமதம் எவ்வளவு பெரிய இழப்பாக முடியும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே சான்று. வெளிநாட்டில் பயின்று திரும்பிய அவர், கல்வி உதவிக்கு ஈடாகப் பணிபுரிய ஒப்புக்கொண்டபடி 1917இல் பரோடா அரசில் சேர்ந்தார். தங்க வீடு கேட்டு அரசரிடம் விண்ணப்பித்துவிட்டு, அதுவரை பார்சி விடுதி ஒன்றில் தன் சாதியை மறைத்துத் தங்கினார். விண்ணப்பத்துக்கு விடை வருமுன்பே, பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அன்றிரவே அவர் பம்பாய்க்கு இரயிலேறினார். இதை அவரே ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் நூலில் எழுதியிருக்கிறார். அவரிடம் தகுதியும் இருந்தது, பதவியும் இருந்தது. ஓர் அலுவலகக் கோப்பு நகராததால் அந்தப் பணியில் நீடிக்க இயலாமல் போனது.

பட்டியலில் பெயர் இருந்தால் வேலை உறுதியா?

உறுதி இல்லை என்பதே சட்டத்தின் விடை. சங்கர்சன் தாஷ் வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தெரிவுப் பட்டியலில் இடம்பெற்றதாலேயே ஒருவருக்கு நியமனம் பெறும் அசைக்கவியலாத உரிமை வந்துவிடாது என்று கூறியது. அறிவிக்கப்பட்ட எல்லாப் பணியிடங்களையும் நிரப்பியே தீரவேண்டிய கட்டாயமும் அரசுக்கு இல்லை. 2024 நவம்பரில் தேஜ் பிரகாஷ் பாதக் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்நிலையை மீண்டும் உறுதிசெய்தது.

ஆனால் இவ்விரு தீர்ப்புகளுக்கும் இன்னொரு பாதி உண்டு. நிரப்பாமல் விடுவதற்கு நேர்மையான, தக்க காரணம் இருக்கவேண்டும். தன்னிச்சையாகச் செயல்பட அரசுக்கு உரிமம் இல்லை. இடங்கள் இருக்கும்போது பட்டியலில் உள்ளவரை நியமிக்காமல் விட்டால், அதற்கான நியாயத்தைக் காட்டவேண்டிய பொறுப்பு அரசுடையது. தேர்வு தொடங்கியபின் இடையிலே விதிகளை மாற்றக்கூடாது என்பதும் 2024 தீர்ப்பின் முடிவே. விதிகளோ விளம்பரமோ வெளிப்படையாக இடமளித்திருந்தால் மட்டும், அம்மாற்றமும் தன்னிச்சையாக இல்லாவிடில், அது விலக்கு. ஆகவே காத்திருப்பவருக்குப் பணியின் மீது முழு உரிமை இல்லாவிட்டாலும், காரணத்தைக் கேட்கும் உரிமை முழுமையாக இருக்கிறது.

ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பும் உண்டு. 2000ஆம் ஆண்டின் 81ஆம் திருத்தம் அரசியலமைப்பில் 16(4பி) பிரிவைச் சேர்த்தது. ஓராண்டில் நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களை அடுத்த ஆண்டுகளில் தனி வகையாகக் கருதி நிரப்பலாம். அவற்றை அந்தந்த ஆண்டின் 50 விழுக்காட்டு உச்சவரம்புக் கணக்கில் சேர்க்கவேண்டியதில்லை. நாம் பின்னடைவுப் பணியிடங்கள் என்று சொல்வது இவற்றைத்தான். ‘இந்த ஆண்டு முடிந்துவிட்டது, இடமும் போய்விட்டது’ என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படுவதை அப்படியே ஏற்கவேண்டாம்.

கோப்பு எங்கே நிற்கிறது?

நம் மக்களின் நியமனங்கள் இரண்டு இடங்களில் அதிகம் தேங்குகின்றன. முதலாவது, சாதிச் சான்றிதழின் உண்மைத்தன்மை சரிபார்ப்பு. 1994இல் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் போலிச் சான்றுகளைத் தடுக்கச் சரிபார்ப்புக் குழுக்களை அமைக்கும்படி வழிகாட்டியது. போலிச் சான்று நம் இடத்தையே திருடுகிறது என்பதால் சரிபார்ப்பு தேவையானது. ஆனால் அது மெய்யான சான்று வைத்திருப்பவரைத் தண்டிக்கும் கருவியாகிவிடக்கூடாது. ஒன்றிய அரசுப் பணிகளில், சரிபார்ப்புக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு தற்காலிகமாக நியமிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. சரிபார்ப்பு முடியவில்லை என்று சொல்லி ஆணையை நிறுத்திவைக்கும் அலுவலகத்திடம், அந்த நிபந்தனையோடு நியமிக்குமாறு எழுத்துப்பூர்வமாகக் கேட்கவேண்டும்.

இரண்டாவது, காவல்துறைச் சரிபார்ப்பு. வன்கொடுமைப் புகார் கொடுத்தவர்மீதே எதிர்ப் புகார் பதியப்படுவது நாம் நன்கறிந்த வழக்கம். ஊர்ச் சண்டை ஒன்றில் சேரி இளைஞர்கள் அனைவரது பெயரையும் முதல் தகவல் அறிக்கையில் எழுதிவைப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து, சரிபார்ப்புப் படிவத்தில் ‘உங்கள்மீது வழக்கு ஏதேனும் உண்டா’ என்ற கட்டத்தில் அது திரும்பி வந்து நிற்கும். அச்சத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். அவ்வாறு மறைத்ததே வேலையைப் பறிக்கப் போதுமான காரணமாகிவிடலாம். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிகளைத் தொகுத்தது. தகவல் உண்மையாக இருக்கவேண்டும். உண்மையைச் சொன்னபின்னும் ஒருவரது பின்னணியைப் பரிசீலிக்கும் உரிமை பணியளிப்பவருக்கு உண்டு. ஆயினும் வழக்கின் தன்மையையும் சூழலையும் எடைபோட்டே முடிவெடுக்கவேண்டும். சிறு வழக்கு ஒன்று நிலுவையில் இருப்பதை மறைக்காமல் சொல்லியிருந்தால், அதன் முடிவுக்கு உட்பட்டு நியமிக்கவும் இடமுண்டு. எனவே படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, முதல் தகவல் அறிக்கை, விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகல், தாம் முன்பு கொடுத்த வன்கொடுமைப் புகாரின் நகல் ஆகியவற்றை இணைத்துவிடுவதே பாதுகாப்பு.

கோப்பு எங்கே நிற்கிறது என்றே தெரியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். அறிவிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, பணியில் சேராதவர்களின் இடங்கள் என்னவாயின, இனச்சுழற்சியில் என் வரிசை எது, என் சான்றிதழ் எந்த நாளில் எந்த அலுவலகத்துக்குச் சரிபார்ப்புக்கு அனுப்பப்பட்டது என்னும் ஐந்து கேள்விகள் போதும். 30 நாட்களுக்குள் விடை வரவேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். நீதிமன்றம் செல்வதில் தாமதம் கூடாது. மாநில அரசுப் பணி எனில் உயர் நீதிமன்றத்தில் நீதிப் பேராணை மனு. ஒன்றிய அரசுப் பணி எனில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். தீர்ப்பாயத்தில் பொதுவாக ஓராண்டுக் கெடு உண்டு.

பழைய வேலையை எப்போது விடுவது?

நியமன ஆணை எழுத்தில் கைக்கு வந்து, சேரவேண்டிய நாள் அதில் குறிக்கப்பட்ட பிறகே பணிவிலகல் கடிதம் கொடுக்கவேண்டும். தொலைபேசியில் சொன்னது, இணையத்தில் வந்த பட்டியல், கலந்தாய்வில் இடம் தேர்ந்தெடுத்தது ஆகிய எதுவும் ஆணைக்கு ஈடாகாது. அறிவிப்புக் காலம் நீண்டதாக இருந்தால், பணியேற்புக் காலத்தை நீட்டித்துத் தருமாறு புதிய அலுவலகத்திடம் எழுத்தில் கேட்பது, முன்கூட்டியே விலகிவிடுவதைவிட நல்லது.

அவசரப்பட்டுக் கடிதம் கொடுத்துவிட்டவருக்கும் ஒரு வழி உண்டு. வருங்காலத் தேதி ஒன்றிலிருந்து நடைமுறைக்கு வரும் விலகலை அத்தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்று கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பணி விதிகளோ ஒப்பந்தமோ தடுக்காத வரை இது பொருந்தும். எனவே கடிதத்தில் ‘உடனடியாக’ என்று எழுதாமல் விலகும் நாளைக் குறிப்பிடுவது நலம்.

ஏற்கெனவே அரசுப் பணியில் கீழ்நிலையில் இருந்து மேல்நிலைக்குத் தேர்வாகுபவர்கள் தடையின்மைச் சான்று பெற்று, முறையான வழியில் விண்ணப்பித்து, முறைப்படி விடுவிக்கப்பட்டே புதிய பணியில் சேரவேண்டும். இல்லையேல் முந்தைய பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கில் இல்லாமல் போய்விடலாம்.

விலகும்போது வாங்கவேண்டியவை

தனியார் கல்லூரிகளும் நிறுவனங்களும் பணியில் சேரும்போதே மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். அரசுப் பணியின் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் மூலச் சான்று கையில் இல்லாமல் இடத்தையே இழக்கும் நிலை இதனால் வருகிறது. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருளன்று. பண நிலுவையைக் காட்டி அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. நிறுவனத்துக்கு உண்மையிலேயே பணம் வரவேண்டியிருந்தால் அதற்கு உரிமையியல் வழக்கு இருக்கிறது.

ஒப்பந்தப் பத்திரம் எழுதிக்கொடுத்தவர்கள் கவனமாக இருக்கவேண்டும். விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுகளுக்கு முன் விலகினால் 2 இலட்சம் ரூபாய் செலுத்தவேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் இத்தகைய பத்திரம் தொகை பற்றியதே. ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலைசெய்ய வைக்கும் அதிகாரத்தை அது எந்த முதலாளிக்கும் தருவதில்லை. தொகை நியாயமற்றதாக இருந்தால் அதனை எதிர்க்கவும் வழியுண்டு.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகிய தொழிலாளிக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதிய நிலுவை தரப்படவேண்டும். ஐந்தாண்டு தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. வருங்கால வைப்பு நிதியைப் பதற்றத்தில் எடுத்துவிடாமல், புதிய வேலையிலும் அந்நிதி உண்டெனில் அதே யு.ஏ.என். எண்ணுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அதன்வழி ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி தேவை.

விலகவே விடாத வேலைகள்

இதுவரை சொன்னவை, விலகல் கடிதம் கொடுக்கக்கூடிய வேலையில் இருப்போருக்கானவை. நம் மக்களில் பலரது வேலைக்குக் கடிதமே கிடையாது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கிய குடும்பம், கணக்கு முடியாமல் வெளியேற முடியாது என்று நம்பவைக்கப்படுகிறது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், ஒப்பந்தக் காலம் முடிந்தால்தான் மொத்தத் தொகை என்று சொல்லி இளம்பெண்கள் நிறுத்திவைக்கப்பட்டார்கள்.

கட்டாய உழைப்பை அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்கிறது. வேறு வழியின்றிக் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழான கூலிக்கு உழைப்பதும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்த முன்பணக் கடனே செல்லாது. கையால் மலம் அள்ளுவோர் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வேலையைச் செய்யவேண்டிய எந்தக் கடப்பாட்டிலிருந்தும் தொழிலாளியை உடனடியாக விடுவிக்கிறது. பட்டியல் சாதியினரைக் கொத்தடிமையாக வைப்பதும், மலம் அள்ளவைப்பதும், பிணம் தூக்கவும் குழி வெட்டவும் கட்டாயப்படுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் குற்றங்கள். இவ்வேலைகளை விடுபவர் யாருக்கும் நோட்டீஸ் தரவேண்டியதில்லை, யாரிடமும் கணக்கு முடிக்கவேண்டியதில்லை.

ஆனால் விட்ட மறுநாள் உலை எப்படிக் கொதிக்கும் என்ற கேள்வியே அவர்களைத் திரும்ப அழைத்துச் செல்கிறது. மறுவாழ்வு உதவி என்பதும் ஒரு நியமன ஆணையைப் போன்றதே. அது தாமதமானால் சட்டம் தந்த விடுதலை தாளிலேயே நின்றுவிடும். எனவே விடுவிப்புச் சான்றுக்காகப் போராடும் அதே வேகத்தில் மறுவாழ்வுத் தொகைக்காகவும் மாற்று வேலைக்காகவும் நாம் நிற்கவேண்டும்.

கல்லூரி மாணவர் அமைப்புகளும் நம் இயக்கங்களும் இதற்கு இன்றே ஒன்றைச் செய்யலாம். தம் பகுதியில் தேர்வாகி ஆணைக்குக் காத்திருப்போரின் பெயர், பணி, பட்டியல் வெளியான நாள், கோப்பு நிற்கும் இடம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிவுசெய்யுங்கள். தனித்தனியாகச் சென்றால் ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று அனுப்பிவிடும் அலுவலகம், இருபது பேரின் தகவல் மனு ஒரே நாளில் வரும்போது அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்தக் குறிப்பேடு பட்டியல் சாதியினருக்கான மாநில, தேசிய ஆணையங்கள் முன்பும் உயர் நீதிமன்றத்திலும் நாம் வைக்கும் முதல் சான்றாகும். அதில் பெயர் எழுதப்பட்ட ஒவ்வொருவரிடமும், ஆணை வரும்வரை கையிலிருக்கும் வேலையை விடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.