'லெஃப்ட்' என்று எழுதலாமா?

சோனகத் தெருவில் மஃரிபுக்குப் பின் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது ஒரு மாணவன், 'மை ஃபேமிலி லெஃப்ட் ஜஃப்னா இன் 1990' என்று எழுதி வந்தான்.

"பிழையா சேர்?"

"இலக்கணம் சரி மகன். ஆனா நடந்தது அதில வரல்ல" என்றேன். அவனுக்குச் சொன்ன விளக்கம் மற்றவர்களுக்கும் உதவக்கூடும்.

'லெஃப்ட்' என்பது 'லீவ்' என்ற வினையின் இறந்தகாலம். நெடில் குறுகி, 'வ்' ஒலி 'ஃப்' ஆகிவிடுவதால் இது ஒழுங்கற்ற வினை. பழைய ஆங்கிலத்தில் இது 'லேஃபன்'. அப்போது அதற்குப் 'போதல்' என்று பொருளில்லை; 'மிஞ்ச விடுதல்', 'தங்க வைத்தல்' என்பதே பொருள். தங்கியிருப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'ப்ளைபன்', ஆங்கில 'லிவ்', 'லைஃப்' எல்லாம் இதற்கு உறவு. ஒன்றை விட்டவர் அந்த இடத்தை நீங்கியவரும் ஆகிறார் அல்லவா? 'நீங்குதல்' என்ற பொருள் அப்படித்தான் பிற்பாடு வந்தது. வாப்பா பிள்ளைக்குக் காணியை விட்டுச் செல்வதற்கும் இதே வினைதான். நாம் எடுக்கும் 'லீவு' வேறு: அது 'அனுமதி' என்று பொருள்பட்ட தனிச் சொல். இடப்பக்கத்தைக் குறிக்கும் 'லெஃப்ட்'டும் வேறு.

'நீங்கினோம்' என்றால் நீங்கியவர்கள் நாங்களே. விரும்பிப் போனதுபோல ஆகிவிடும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். தமிழில் 'வெளியேறினோம்' வேறு, 'வெளியேற்றப்பட்டோம்' வேறு. 'லெஃப்ட்' அந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே 'வேர் எக்ஸ்பெல்ட்' என்று திருத்தச் சொன்னேன். யாரால் என்பதையும் சேர்க்கச் சொன்னேன். ஆங்கிலப் படிவம் நிரப்பும் நம்மவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நாளைக்கு ஆதாரமாக நிற்கப்போவது அந்தத் தாள்தான்.

"அப்ப 'லெஃப்ட்' எங்க போடுறது சேர்?"

"விட்டுட்டு வந்ததுக்குப் போடு. வீட்டில கேட்டுட்டு வா."

மறுநாள் இரண்டாவது வாக்கியமும் எழுதி வந்தான். ஒரு தையல் மெஷின், கிணறு, இரண்டு ஆடு, மூத்தவர்களின் கபுறுகள். அந்த 'லெஃப்ட்'டில் நான் கை வைக்கவில்லை.