உடலின் காவலும் பிள்ளைப்பேறும்



பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று சேரும் இடத்தில் இருப்பது திருமுக்கூடல். அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்றை நான் கண்டிருக்கிறேன். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையைப் பற்றிக் கூறுகிறது. படுக்கைகள் 15, மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், செவிலியர், மருந்து கொணர்வோர் எனப் பணியாளர் அனைவரும் அதில் கணக்கிட்டுச் சொல்லப்பட்டுள்ளனர். நோயை ஆராய்ந்து தீர்க்க வேண்டும் என்ற தெளிவு அன்றே அங்கு இருந்தது. ஆயினும் அதே வட்டாரத்தில், பிள்ளையில்லாத பெண்ணை ‘மலடி’ என்று ஒதுக்கும் சொல்லை நான் காதாரக் கேட்டதுண்டு. அச்சொல் எத்துணைப் பிழையானது என்பதை மருத்துவ நூல் காட்டுகிறது. பிள்ளைப்பேறில்லாத தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் ஆணின் குறையும் காரணமாகவோ துணைக் காரணமாகவோ அமைகிறது. அத்தகைய காரணங்களுள் விந்தை மிகுந்த ஒன்றை இன்று விளக்க விரும்புகிறேன்.

நம் குருதியில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் காவற்படை ஒன்று உண்டு. அது வேற்றுப் பொருளைக் கண்டால் ‘எதிர்ப்பொருள்’களைப் படைத்து அதன்மேல் ஏவும். தன்னுடையது எது, பிறிது எது என்பதை அக்காவற்படை குழந்தைப் பருவத்திற்குள் பெரும்பாலும் கற்றுக்கொள்கிறது. ஆனால் விந்தணுக்களோ பூப்புப் பருவத்தில்தான் தோன்றுகின்றன. ஆகவே, சொந்த உடலிலே பிறந்தும் அவை காவலருக்கு அயலாரே! இயற்கை இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. விரைகளினுள்ளே செர்டோலி உயிரணுக்கள் நெருங்கிப் பிணைந்து, குருதிக்கும் விந்தணுக்களுக்கும் இடையே மதில்போல் நிற்கின்றன.

அடிபடுதல், தொற்றுநோய், அறுவை ஆகியவற்றால் அம்மதிலோ விந்துக் குழாயோ சிதைந்தால் யாது நேரும்? காவற்படை விந்தணுக்களைப் பகையென்று கருதி எதிர்ப்பொருள்களை ஏவும். அவை படிந்த விந்தணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருப்பை வாயின் சளியைக் கடக்க இயலாமல் தத்தளிக்கும். சினை முட்டையைப் பற்றவும் தடைப்படும். சில பெண்களின் உடலிலும் இவ்வெதிர்ப்பொருள்கள் தோன்றுவதுண்டு.

விந்தணு எதிர்ப்பொருளைத் தூண்டும் என்பதை 1899-இல் லேண்ட்ஸ்டைனரும் மெச்னிகாவும் விலங்குகளிடத்தே காட்டினர். பிள்ளையில்லாத ஆடவர் சிலரின் குருதியிலேயே அவை இருப்பதை, 1954-இல் ரும்கே, வில்சன் என்னும் இருவர் தனித்தனியே கண்டனர்.

நம் மாநிலத்திற்கும் இதில் ஒரு தொடர்புண்டு. 1950-களின் பிற்பகுதியில், வாசெக்டமி என்னும் ஆண் கருத்தடை அறுவைக்குச் சென்னை அரசு ஊக்கத்தொகை அளித்தது. இவ்வறுவையில் விந்துக் குழாய் துண்டிக்கப்படுவதால், செய்துகொண்டோருள் பாதிக்கு மேற்பட்டவரிடம் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. அதனால் அவர் உடல்நலத்திற்குக் கேடில்லை. ஆனால் பின்னர் மனம் மாறிக் குழாயை மீண்டும் இணைத்துக்கொண்டால், விந்தணு வெளிவந்தும் கரு உண்டாகாமற்போவதற்கு அவை ஒரு காரணமாகலாம்.

எதிர்ப்பொருள் இருந்தாலே பிள்ளை பிறவாது என்று முடிவு கட்டலாகாது. அவை சிறிதளவு உள்ள பலர் தந்தையராகின்றனர். நகரும் விந்தணுக்களில் பாதிக்கு மேல் அவை படிந்திருந்தால்தான் தடை வலியதென்று மருத்துவர் கருதுவது வழக்கம். அப்போதும் வழி அடைபடவில்லை. ஒரே விந்தணுவை நுண்ணூசியால் முட்டையினுள் செலுத்திக் கருவுறச் செய்யும் முறையின் வெற்றி 1992-இல் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து உலகிற்கு அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பொருளின் தடையைக் கடக்க அது உதவுகிறது.

மாணவர்களே, நாளை நீங்கள் குடும்பத் தலைவர்களாகவும் தலைவியராகவும் ஆவீர்கள். பிள்ளையில்லாத வீட்டில் மருத்துவரிடம் செல்ல வேண்டியவர் மனைவி மட்டும் அல்லர். கணவனும் உடன் சென்று சோதனைக்கு உட்பட வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத அணுக்களின் பிணக்கிற்கு ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்குவது அறமும் ஆகாது, அறிவும் ஆகாது.